மோட்டாருக்குள் வந்த நாதம்

சென்னையில் மவுண்ட் ரோடிலிருந்து இராயப்பேட்டைப் பக்கமாகப் பிரிந்து செல்லும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை ஜி.பி. ரோடு என்ற சுருக்கப் பெயராலேயே எல்லோரும் அறிவார்கள். மோட்டார் உபகரணங்களை விற்பதையும் பொருத்துவதையுமே ஜீவனமாகக் கொண்ட அந்த வீதியில், வாங்கி ஒரு மாதமும் ஆகாத புது வண்டியொன்று நான்கு கதவுகளும் திறந்து கிடக்க, கதவுகளின் உள்பக்கத்து அட்டைகள் கழற்றிச் சுவரோரம் சாத்தப்பட்டிருக்க, ஒயர்கள் கொத்தாகத் தொங்க, மிஸ்திரி ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கதவின் தகட்டை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருப்பதைக் காணலாம். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவர் வலந்தலையின் ஓரத்தைத் தட்டிக் கேட்கும்போது முகத்தில் படர்கிற அதே ஏகாக்கிரதை அவர் முகத்திலும் இருக்கும். "ஸ்பீக்கர் பரவாயில்லை சார், கதவுதான் கூடச் சேர்ந்து பாடுது" என்று அவர்களில் ஒருவர் ஒரு முறை என்னிடம் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் இத்தொழிலின் பூர்வ கதையை அறிய வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டாயிற்று.

கதையின் ஆதியைத் தேடிப் போனால், மோட்டார் வண்டிக்குள் சங்கீதத்தைக் கொண்டுவந்தவர்கள் மோட்டார் செய்தவர்கள் அல்லர் என்பது முதலிலேயே விளங்கிவிடுகிறது. சிகாகோ நகரத்தில் 1928-ஆம் ஆண்டு பால் கால்வின் என்பவர் தம் சகோதரர் ஜோசப்புடன் தொடங்கிய சிறு தொழிற்சாலை, பாட்டரியால் ஓடிய வீட்டு ரேடியோக்களை வீட்டு மின்சாரத்திலேயே இயக்க உதவும் ஒரு கருவியைச் செய்து விற்று வந்தது. நேராகவே மின்சாரத்தில் இயங்கும் ரேடியோக்கள் பெருகியதும் அந்தக் கருவிக்குக் கிராக்கி குறைந்தது. 1929-இன் பொருளாதார வீழ்ச்சியும் வந்து சேர்ந்தது. பிழைக்க வேறு வழி தேடிய கால்வின், மோட்டாருக்கு ஏற்ற ரேடியோ ஒன்றைத் தம் சகாக்களுடன் இரவு பகலாக உழைத்துச் செய்து, அதைத் தம் சொந்த ஸ்டூட்பேக்கர் வண்டியில் பொருத்திக்கொண்டு, 1930 ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் கூடிய மாநாட்டுக்கு மனைவியுடன் அந்த வண்டியிலேயே சென்றார். உள்ளே கடை விரிக்க அவருக்கு இடமில்லாததால், மண்டபத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ஒலியை உயர்த்தி வைத்து, போவோர் வருவோரெல்லாம் நின்று கேட்கும்படி செய்தார். ஆர்டர்கள் கிடைத்தன. மோட்டாரையும், அக்காலத்து விக்ட்ரோலா முதலிய கிராமபோன்களின் பெயர்களில் ஒலித்த 'ஓலா' என்ற விகுதியையும் சேர்த்து அவர் அந்த ரேடியோவுக்கு வைத்த மோட்டரோலா என்னும் பெயர், 1947-இல் அந்தக் கம்பெனிக்கே பெயராயிற்று.

அந்த ரேடியோவின் விலை 110 முதல் 130 டாலர் வரை இருந்தது. சாதாரணப் புது வண்டி ஒன்றின் விலையில் அது ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. விலை கொடுத்தாலும் பொருத்துவது சுலபமாக இல்லை. கூரையின் உட்புறத்துத் துணியைப் பிரித்து அதற்குள் ஏரியலை வைத்துத் தைக்க வேண்டும். முன்பலகையைக் கழற்றி அதன் பின்னே பெட்டியை மாட்ட வேண்டும். ரேடியோவுக்கென்றே தனியான பாட்டரிகளைத் தரைப் பலகையின் கீழ் இடம் செய்து வைக்க வேண்டும். இவ்வளவும் முடித்து விசையைத் திருப்பினால், பாட்டுக்குப் பதிலாகப் படபடவென்ற இரைச்சல் கேட்கும். எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியைக் கொளுத்துவதற்காகப் பாய்கிற ஒவ்வொரு மின்பொறியும் தானே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையமாகி, அலைகளைப் பரப்பிக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். பிளக்குகளின் தலையில் தடையையும், டைனமோவின் ஓரத்தில் மின்தேக்கியையும் வைத்து, பெட்டியை உலோகக் கவசத்தால் மூடி, அந்த இரைச்சலைப் படிப்படியாக அடக்கக் கற்றுக்கொண்ட அன்றைய மிஸ்திரிகளே, ஜி.பி. ரோடில் கதவைத் தட்டிக் கேட்கிறவருக்கு மூதாதையர் என்று நான் கருதுகிறேன்.

மின்சாரத்திலும் ஒரு சங்கடம் இருந்தது. அக்காலத்து வண்டியின் பாட்டரி ஆறு வோல்ட். வால்வுகளுக்கோ நூற்றுக்கு மேற்பட்ட வோல்ட் வேண்டும். நேர் மின்சாரத்தை அப்படியே உயர்த்த முடியாதாகையால், ஒரு சிறு உலோக நாக்கை விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் துடிக்கச் செய்து, மின்னோட்டத்தை வெட்டி வெட்டி, டிரான்ஸ்பார்மர் வழியாக உயர்த்தினார்கள். வைப்ரேட்டர் எனப்பட்ட அந்த நாக்கின் ரீங்காரம், பாட்டு ஓய்ந்த இடங்களில் வண்டிக்குள் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

ஐரோப்பாவில் 1932-இல் ஜெர்மனியின் பிளாபங்க்ட் கம்பெனியார் முதல் மோட்டார் ரேடியோவைச் செய்தபோது, அவர்களும் அதை ஒரு ஸ்டூட்பேக்கரிலேயே பொருத்தினார்கள். பெட்டி பெரிதாயிருந்து ஓட்டுபவரின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டதால், நிலையத்தைத் திருப்பும் குமிழை ஸ்டீயரிங் தண்டில் கொண்டுவந்து வைத்தார்கள். இன்றைய வண்டிகளில் ஸ்டீயரிங்கின் மேலுள்ள பொத்தான்களுக்கு அது முன்னோடி.

1950-களில் டிரான்ஸிஸ்டர் வந்தது. 1955-இல் பில்கோவும் கிரைஸ்லரும் வால்வே இல்லாத மோட்டார் ரேடியோவை அறிவித்தன. வைப்ரேட்டரின் ரீங்காரம் மறைந்தது. அதே காலத்தில் கிரைஸ்லர் வண்டிகளில், நீண்டநேர இசைத்தட்டை உருவாக்கியவர்களுள் முக்கியமானவரான பீட்டர் கோல்ட்மார்க், நிமிஷத்துக்கு 16⅔ சுற்றுச் சுழலும் விசேஷ இசைத்தட்டுப் பெட்டி ஒன்றை முன்பலகைக்கு அடியில் வைத்துப் பார்த்தார். அந்தத் தட்டுகளை ஒரே கம்பெனிதான் வெளியிட்டது; அவை அந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் சுழலவில்லை. சில வருஷங்களில் அந்த முயற்சி மறைந்தது. கேட்பவர் எதைக் கேட்க விரும்புகிறார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை வண்டி செய்பவரே வைத்துக்கொண்டதால் வந்த தோல்வி அது என்பது என் அபிப்பிராயம். அதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னர் விளங்கும்.

பிறகு நாடாக்கள் வந்தன. கலிபோர்னியாவில் பழைய கார்களையும் டெலிவிஷன் பெட்டிகளையும் விற்றுப் பெயர் பெற்ற எர்ல் மண்ட்ஸ், 1960-களின் தொடக்கத்தில் நான்கு தடங்கொண்ட நாடாப் பேழையை வண்டிகளில் புகுத்தினார். கால்வினின் முதல் ரேடியோவில் பங்கு கொண்டிருந்த பில் லியர் அதை எட்டுத் தடமாக்க, 1966-ஆம் வருஷத்து மாதிரிகளில் போர்டு கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது. பிலிப்ஸ் 1963-இல் வெளியிட்ட சிறிய காஸெட் அவ்விரண்டையும் பின்னுக்குத் தள்ளி, உலகமெங்கும் பரவியது.

நம் நாட்டில் இந்தக் கதை வேறு விதமாக நடந்தது. அம்பாஸடரும் பிரீமியர் பத்மினியும், 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-உம் பெரும்பாலும் பாட்டுப் பெட்டி இல்லாமலேதான் ஆலையை விட்டு வெளிவந்தன. ஆகவே 'செட் மாட்டுவது' இங்கே புது வண்டி வாங்குவதோடு சேர்ந்த ஒரு சடங்காயிற்று: வண்டியைக் கோவிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிய கையோடு, செட் கடைக்குக் கொண்டுபோவார்கள். என் பெரியப்பாவின் அம்பாஸடரில் காஸெட் பெட்டி முன்பலகைக்கு அடியில் தொங்கியது; ஸ்பீக்கர் இரண்டும் பின்கண்ணாடியின் கீழுள்ள பலகையில் பதிக்கப்பட்டிருந்தன. பின்ஸீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த குழந்தைகளாகிய எங்களுக்கு மதுரை சோமுவின் குரல் பிடரியில் வந்து மோதும். முன்னால் உட்கார்ந்து ஓட்டிய பெரியப்பாவுக்கோ அது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் "கொஞ்சம் சத்தமா வைடா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டேயிருப்பார். ஒலி எங்கிருந்து புறப்பட்டு யாருடைய காதை எப்போது அடைகிறது என்பதே இந்தக் கலையின் சாரம் என்பது அன்று எங்களில் எவருக்கும் தெரியாது.

அதைச் சாஸ்திர ரீதியாக ஆராய்ந்தவர்களில் முதன்மையாகச் சொல்லத் தக்கவர் அமர் போஸ். வங்காளத்தில் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து, அதனால் அமெரிக்காவுக்குச் சென்று குடியேறிய நொனி கோபால் போஸின் புதல்வர். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். வீட்டுக் கூடத்தில் கேட்பவர் எங்கே உட்காருவார் என்பது தெரியாது, மோட்டாரிலோ அது அங்குலக் கணக்கில் தெரியும். ஆகையால் கண்ணாடி, மெத்தை, கூரை இவற்றின் குணங்களையெல்லாம் அளந்து ஒரே வண்டிக்கென்று ஒலியை அமைக்கலாம் என்று அவர் கண்டார். ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து அவர் அமைத்த அந்த ஏற்பாடு 1983-ஆம் வருஷத்து காடிலாக் ஸெவில் முதலிய வண்டிகளில் வந்தது. ஆலையிலிருந்து வரும் வண்டியிலேயே உயர்ந்த நாதம் சாத்தியம் என்பதற்கு அது பிரத்தியட்சச் சான்று. ஆனால் விலையுயர்ந்த வண்டிகளில் மட்டுமே சாத்தியமாயிற்று.

மற்றவர்களுக்கு மிஸ்திரிகளே கதி. அவர்களுக்குப் பெரிய ஆயுதமாக வந்தது தனி ஆம்ப்ளிபயர். வண்டி ஓடும்போது பாட்டரிச் சுற்றில் இருப்பது சுமார் 14.4 வோல்ட்; மோட்டார் ஸ்பீக்கரின் தடை சாதாரணமாக நான்கு ஓம். இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், உள்ளே உள்ள பெட்டி ஒரு ஸ்பீக்கருக்குச் சிதைவின்றிக் கொடுக்கக்கூடிய சக்தி 26 வாட்டைத் தாண்ட முடியாது. நடைமுறையில் 20 வாட்டுக்குச் சற்று முன்பின்னாக நின்றுவிடும். பெட்டியின் முகத்தில் அச்சிடும் 50 வாட் என்பது, ஒலி முற்றிலும் சிதைந்த நிலையில் எட்டும் உச்சம். மின்னோட்டத்தை வெட்டி வெட்டி உயர்த்திய பழைய வைப்ரேட்டரின் தத்துவத்தையே டிரான்ஸிஸ்டர்களைக் கொண்டு பல நூறு மடங்கு வேகமாக, சத்தமின்றிச் செய்து, அந்த எல்லையைக் கடந்தார்கள். அரிஸோனாவில் ஜிம் ஃபாஸ்கேட் 1973-இல் மோட்டாருக்கென்று ஆம்ப்ளிபயர் செய்யத் தொடங்கியது இத்தொழிலின் போக்கையே மாற்றியது.

இவை எல்லாவற்றையும்விட இத்தொழிலை வாழவைத்தது ஒரு வெற்றிடம் என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும். முன்பலகையில் ரேடியோவுக்கு விடும் திறப்பு 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்று ஜெர்மானியத் தர நிர்ணய ஸ்தாபனம் வகுத்த அளவு, 1984-இல் சர்வதேச அளவாகவும் ஏற்கப்பட்டது. டின் என்று கடைவீதிகளில் வழங்கும் அந்த அளவினால், எந்த நாட்டு வண்டியிலும் எந்தக் கம்பெனியின் பெட்டியையும் கழற்றி மாட்ட வழி பிறந்தது. அதே 1984-இல் பயனியர் கம்பெனியார் மோட்டாருக்கான சி.டி. பெட்டியைக் கொண்டுவந்தபோது, பழைய வண்டிக்காரர்கள் புது வண்டி வாங்க வேண்டியிருக்கவில்லை. பெட்டியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதுமாயிருந்தது. வண்டிக்கு ஒரு வயது, நாதத்துக்கு வேறொரு வயது என்ற சௌகரியம் அந்த ஒரு சதுர டெசிமீட்டருக்கும் குறைந்த சந்தினால் கிடைத்தது.

இன்று அந்தச் சந்து மூடப்பட்டு வருகிறது. பெரிய திரையும், குளிர்சாதன விசைகளும், பின்பக்கக் காமிராவும் ஒரே அங்கமாக இணைக்கப்பட்டுவிட்டபடியால், பாட்டுப் பெட்டியைத் தனியே கழற்றுவது பல வண்டிகளில் இயலாத காரியமாகிவிட்டது. சில வண்டிகளில், சிறிய ஸ்பீக்கர் கிழிந்துபோகாமலிருக்க, ஒலியை உயர்த்த உயர்த்தத் தாழ்ந்த ஸ்வரங்களை ஆலைப் பெட்டி தானாகவே குறைத்துவிடுகிறது. மிஸ்திரிகள் அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள்: பெட்டியைத் தொடாமல், ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்தே ஒலியை எடுத்து, கணிதத்தால் அதைச் சமன்செய்து, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் சில ஆயிரத்திலொரு விநாடி தாமதிக்கச் செய்து, ஓட்டுபவரின் காதில் எல்லாம் ஒரே கணத்தில் வந்து சேரும்படி அமைக்கிறார்கள். பெரியப்பாவுக்குக் கிடைக்காதது இன்று அவர் இடத்தில் உட்காருபவருக்குக் கிடைக்கிறது. ஆனால் அதற்கு ஆகும் செலவு, முன்பு ஒரு பெட்டி மாற்றிய செலவைவிடப் பல மடங்கு.

மாற்ற நினைப்பவர்களுக்கு அந்த மிஸ்திரி சொன்ன கிரமத்தையே நானும் சொல்வேன். முதலில் கதவு: தகட்டின் உட்புறம் ரப்பர் சேர்ந்த தகடுகளை ஒட்டி, அதிலுள்ள பெரிய துவாரங்களை மூட வேண்டும், ஸ்பீக்கரின் பின்புறத்து ஒலி அந்தத் துவாரங்கள் வழியாக முன்புறம் வந்து தாழ்ந்த ஸ்வரங்களை அழித்துவிடுகிறது. அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது. அடுத்து ஸ்பீக்கர், அதன்பின் ஆம்ப்ளிபயர். கம்பெனி ஒயரை வெட்டாமல், அதற்கென்று விற்கும் கப்ளரை வாங்கி இணைக்கச் சொல்லுங்கள்.

வண்டி செய்பவர்களிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. திரையை வேண்டிய இடத்தில் வையுங்கள், காமிராவை அதனுடன் இணையுங்கள். பாட்டுக்கென்று 180-க்கு 50 மில்லிமீட்டர் இடத்தை மாத்திரம், முன்பு விட்டதைப் போல, வண்டி வாங்குபவருக்கு விட்டுவையுங்கள்.