தோட்டப் பிரசவ விடுதிகள் (ஊவா)

ஹாலிஎல, பதுளை, பசறை, பண்டாரவளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் டிஸ்பென்சரியை ஒட்டி இயங்கிய சிறு மகப்பேற்று விடுதிகள். சில கட்டில்கள், ஒரு மருத்துவமாது, அவ்வளவுதான். சிக்கலான பிரசவமென்றால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இவை வருமுன் பிரசவம் தொழிலாளர் குடியிருந்த லயத்திலேயே நடந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, கைப்பழக்கமுள்ள கிழவி ஒருத்தி பிள்ளையை எடுப்பாள். பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் தோட்டமே தர வேண்டும் என்றது 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம். பிள்ளை பெற்றவள் கொழுந்து எடுக்கத் திரும்பும் நாள் அன்றே சட்டத்தின் கவலையாக இருந்தது.

1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியா இலங்கைக்குக் கூலியாட்கள் வருவதைத் தடுத்தது. அடுத்த மாதமே உலகப் போர். புதிய ஆள் வராத நிலையில், லயத்தில் பிறக்கும் பிள்ளைதான் நாளை தோட்டத்தில் பெயர் பதியும் தொழிலாளி. தோட்டத்துக்குப் பிரசவ விடுதி முன்னைவிட அவசியமானது இப்படித்தான். குண்டு ஊவாவில் விழவில்லை; 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி நின்றதே இங்கு உறைத்த போர். பங்கீட்டு அரிசி போதாமல் கோதுமை மா லயத்துக்குள் நுழைந்தது. கர்ப்பிணிக்கும் ரொட்டிதான். போர் முடிந்தும் ரொட்டி போகவில்லை.

1948இன் குடியுரிமைச் சட்டம் தகப்பனும் இலங்கையில் பிறந்தானா என்று கேட்டது. லயத்துப் பிறப்புக்குப் பதிவுத் துண்டு தேடி அலைந்தவர்கள் அநேகர். 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிந்தபோதும் தோட்ட மருத்துவம் தோட்ட நிர்வாகத்திடமே கிடந்தது. இந்தப் பிரிவினையே பிற்காலக் கேடுகள் பலவற்றுக்கு வேர் எனலாம். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973-74 உணவுத் தட்டுப்பாட்டில் மலையகத்தில் பசிச்சாவுகள் நேர்ந்தன.

உள்நாட்டுப் போரின் முனையும் ஊவாவை எட்டவில்லை. ஆனால் 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. அதன்பின் அடையாள அட்டை இல்லாத தோட்டத்துக்காரர் சோதனைச்சாவடிகளில் பட்ட பாடு தெரிந்ததே.

1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போயின. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து தோட்ட வைத்தியசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. பிரசவம் இன்று பெரும்பாலும் அரச வைத்தியசாலையில்தான். மேற்பிரிவுகளிலிருந்து அங்கே போய்ச் சேரும் தோட்டப் பாதைதான் இன்னும் செப்பனிடப்பட வேண்டியது.