நனையும் உடையும் நனையா உடையும்

குளிர்ந்த நீரில் இறங்கும் மனிதன் தன் உடம்பின் வெம்மையை எவ்வாறு காத்துக்கொள்வது என்னும் கேள்விக்கு மேனாட்டார் விடை தேடிய வரலாறு ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கால வரலாறாகும். அவர்கள் கண்ட விடைகள் இரண்டு. நீரை அறவே உள்ளே புகவிடாத உடை ஒன்று. நீரை ஓரளவு உள்ளே விட்டுவிட்டு, குளிரை மட்டும் வெளியே நிறுத்தும் உடை மற்றொன்று. முன்னதை டிரை சூட் என்றும், பின்னதை வெட் சூட் என்றும் கடைகளில் வழங்குவர். நாம் அவற்றை நனையா உடை, நனையும் உடை என்றே இங்குக் குறிப்போம்.

விசைப்படகின் பின்னால் கயிற்றைப் பற்றிக்கொண்டு, ஒற்றைப் பலகையின்மேல் நின்று, படகு எழுப்பும் அலையில் தாவிச் செல்லும் வேக்போர்டிங் என்னும் விளையாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குளிர்நாட்டு ஏரிகளிலும் அது பரவியிருக்கிறது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறிய தமிழர் வீட்டு இளைஞர் ஒருவர் அவ்விளையாட்டில் இறங்குவாராயின், அவர் முதலில் விடை காணவேண்டியது இந்தக் கேள்விக்கே. பார்வைக்கு அது துணிக்கடைக் கேள்விபோலத் தோன்றும். உண்மையில் அது உயிர்பற்றிய கேள்வி.

நம்மில் பலருக்கு இதன் கடுமை எளிதில் விளங்காது. நாம் வாழும் பெங்களூர்ச் சிவாஜிநகரில், மார்கழி விடியலில் ரஸ்ஸல் சந்தைக்குக் காய்கறி வாங்க வருகிறவர்கள் கம்பளிச் சட்டையும் காதை மூடிய குல்லாயும் அணிந்திருப்பார்கள். அது காற்றின் குளிர். நீரின் குளிர் அதனினும் வேறானது. நீர் வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல், காற்றின் ஆற்றலைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு. 15 டிகிரி காற்றில் ஒரு கம்பளிச் சட்டையோடு நாள் முழுதும் உலவலாம். 15 டிகிரி நீரிலோ, பழக்கமில்லாதவன் சிறிது நேரத்திலேயே விரல்களை மடக்க முடியாமல் தவிப்பான்.

நம் தமிழ்க் கடற்கரைக்கு இக்கேள்வி எழவேயில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் இடையில் ஒரு துணியோடு கடலில் பாய்ந்தார்கள். கனத்த கல்லொன்றைக் காலடியில் கொண்டு விரைந்து தாழ்ந்து, ஒரு நிமிட அளவு மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிக்கொண்டு, தோணியில் நின்ற துணைவன் கயிற்றை இழுக்க மேலே வந்தார்கள். குளிப்புக்கென அவர்கள் தேர்ந்த காலமும் நோக்கத் தக்கது. இரு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட, கடல் அமைதியுற்று நீரும் வெம்மை கொண்டிருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களே அவை. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு அத்தொழில் நின்றுபோயிற்று. அதுவரையில் அவர்களுக்குக் கடலே போர்வை.

ஆயினும், நம்மவர் குளிர்கடலை அறியாதவர் அல்லர். இலங்கையில் வல்வெட்டித்துறை தந்த பெரும் நீச்சல் வீரர் ஆழிக்குமரன் ஆனந்தன், 1971ஆம் ஆண்டில் பாக்கு நீரிணையை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும், அங்கிருந்து மீண்டும் இலங்கைக்குமாக 51 மணி நேரத்தில் நீந்தினார். இரண்டு நாள்களுக்கு மேல் நீரில் கிடந்த அவ்வுடம்பு, 1984ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றது. அம்முயற்சியிலேயே அவர் உயிர் நீத்தார். பத்தாண்டுகள் கழித்து, 1994இல், தமிழ்நாட்டுச் சிறுவர் குற்றாலீசுவரன் அதே கால்வாயை நீந்திக் கடந்தார். அக்கால்வாயின் நீர் கோடையிலும் 15 முதல் 18 டிகிரி வரையில்தான் இருக்கும். மரபு நீச்சலின் விதிகளோ வெம்மை தரும் உடை எதையும் அனுமதிப்பதில்லை. சாதாரண நீச்சலுடை, ஒரு குல்லாய், கண்ணாடி, உடம்பில் பூசிய கொழுப்பு, இவ்வளவே.

இவ்விதியின் வேர் 1875ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டில் அக்கால்வாயை இருவர் இருவேறு முறையில் கடந்தனர். மே மாதத்தில் பால் பாய்ட்டன் என்னும் அமெரிக்கர், முகமொழிய உடல் முழுதையும் மூடிய ரப்பர் உடையில் பிரெஞ்சுக் கரையிலிருந்து புறப்பட்டார். மெரிமன் என்பவர் 1872இல் காப்புரிமை பெற்ற உடை அது. குழாய் வழியே ஊதி அதன் அறைகளில் காற்றை நிரப்பலாம். பாய்ட்டன் மல்லாந்து மிதந்தபடி, இருமுனைத் துடுப்பால் தம்மைத் தாமே படகுபோலச் செலுத்திக்கொண்டு, ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் மிதந்து இங்கிலாந்தில் கரையேறினார். ஆகஸ்டு மாதத்தில் கேப்டன் மாத்யூ வெப் கடற்பன்றிக் கொழுப்பை உடம்பில் பூசிக்கொண்டு டோவரில் குதித்து, 21 மணி 45 நிமிடத்தில் கலேயை அடைந்தார். உலகம் வெப்பை நீச்சல் வீரர் என்று போற்றியது. பாய்ட்டனை வேடிக்கைக்காரர் என்று ஒதுக்கியது. நமக்கோ பாய்ட்டனிடம் ஒரு தனி மதிப்பு உண்டு. குளிர்நீரில் ஒரு நாள் கிடந்தும் வெம்மை குன்றாமல் வெளிவரலாம் என்று ஊரறியக் காட்டியவர் அவரே.

நனையா உடையின் தொடக்கம் அதற்கும் முந்தையது. 1823இல் சார்லஸ் மாக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கிடையே ரப்பரைப் பூசி, நீர் ஊறாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். மழைச்சட்டைக்காகப் பிறந்த அத்துணி கடலடிக்கும் போயிற்று. அகஸ்டஸ் சீபே 1830களில் செம்புத் தலைக்கவசத்தோடு இணைந்த மூடிய முக்குளிப்பு உடையைச் சீர்ப்படுத்தினார். அதன் பெரிய சோதனை, மூழ்கிக் கிடந்த ராயல் ஜார்ஜ் என்னும் போர்க்கப்பலை அகற்றும் பணி. 1839இல் தொடங்கிய அப்பணியை நடத்தியவர் கர்னல் பாஸ்லி. அவர் படைப் பொறியாளர். நம் அல்சூர் ஏரிக்கரையில் பாசறை கொண்ட மதராஸ் சேப்பர்கள் எவ்வினத்துப் படையோ, அவ்வினத்துப் படையினரே அன்று கடலடியில் இறங்கியவர்கள். உடம்பு நனையவில்லை என்றாலும், பழகிய முக்குளிப்பவர்களில் ஒருவர்கூட வாதத்துக்கும் சளிக்கும் தப்பவில்லை என்று பாஸ்லி குறித்தார். அவ்வாதத்திற் பெரும்பகுதி, ஆழத்திலிருந்து விரைந்து மேலேறுவதால் இரத்தத்தில் காற்றுக்குமிழ் தோன்றும் நோயாயிருக்க வேண்டும் என்பது பின்னாளில் தெளிந்தது.

இரண்டாம் உலகப் போரில் நனையா உடை மெலிந்து உடம்போடு ஒட்டியது. மனிதர் ஏறிச்செலுத்தும் நீர்மூழ்கிக் குண்டுகளுக்காகப் பிரிட்டிஷ் கடற்படையில் கமாண்டர் ஸ்லேடன் பெயரால் ஓர் உடை வழங்கியது. வயிற்றுப்புறத் திறப்பின் வழியே அதனுள் நுழைந்து, வாயை மடித்து இறுக்கிக் கவ்வி பூட்ட வேண்டும். அதை அணிந்த வீரர்கள் அதற்கிட்ட செல்லப்பெயர் ‘பிசுபிசுத்த சாவு’ என்று பொருள்படும். அவ்வுடைக்கு ஒரு குறை பிறவியிலேயே உண்டு. ரப்பர்த் தோல் தானாக வெம்மை தராது. உள்ளே அணிந்த கம்பளிதான் தரும். ஓரிடத்தில் கிழிந்தாலோ, நீர் புகுந்து கம்பளி நனைந்து, பயனற்றுப் போகும்.

இவ்விடத்தில்தான் ஒரு பௌதிக ஆசிரியர் முன்வருகிறார். ஹியூ பிராட்னர் என்பவர், போர்க்காலத்தில் லாஸ் அலமோஸில் அணுகுண்டு ஆக்கத்தில் பணியாற்றியவர். போர் முடிந்தபின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கடற்படை முக்குளிப்பவர்களைக் குளிரிலிருந்து காப்பது எங்ஙனம் என்று 1951இல் ஆராய்ந்தபோது, உடம்பு நனையாதிருக்க வேண்டும் என்ற அடிப்படையையே அவர் கேள்விக்குட்படுத்தினார். வெம்மையைக் காப்பது உலர்ந்த தோலன்று. அசையாமல் சிறைப்பட்ட காற்றே. அக்காற்றை உடைத்துணிக்குள்ளேயே நுண்குமிழ்களாக அடைத்துவிட்டால், தோலுக்கும் துணிக்கும் இடையே சிறிது நீர் புகுந்தாலென்ன? அந்நீர் உடம்பின் சூட்டால் விரைவில் வெதுவெதுப்பாகிவிடும். மறுபடி மறுபடி புதுநீர் பாயாதவரை தீங்கில்லை.

அதற்கேற்ற பொருளும் ஆயத்தமாக இருந்தது. 1930இல் டூபான்ட் நிறுவனத்தார் கண்ட செயற்கை ரப்பரான நியோப்ரீன் அது. காற்றுக்குமிழ் நிறைந்த நியோப்ரீன் நுரைத்தகட்டை உடம்பின் அளவுக்கு வெட்டி ஒட்டியதே முதல் நனையும் உடை. பிராட்னர் அதனால் செல்வராகவில்லை. 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் அலைச்சறுக்குக் கடை திறந்த ஜாக் ஓ'நீலும், மறு ஆண்டில் தெற்குக் கலிபோர்னியாவில் கடை கண்ட மைஸ்ட்ரல் சகோதரர்களும் அதை உலகப் பொருளாக்கினர். முதலில் கண்டவர் யார் என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. பழைய கடிதங்களைப் புரட்டிப் பார்த்து 1998இல் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தில் வெளியான ஒரு கட்டுரை, பிராட்னர் பக்கமே தீர்ப்பளித்தது. அணிபவனுக்கு வெம்மை தருவது உள்ளே புகுந்த நீர்ப்படலமே என்ற நம்பிக்கை இன்றும் பரவலாக உண்டு. உடையின் பெயர்தான் அம்மயக்கத்துக்குக் காரணம். வெம்மை காப்பவை நுரையிலுள்ள குமிழ்கள். நீர் பொறுத்துக்கொள்ளப்பட்ட விருந்தாளி, அவ்வளவே.

நனையா உடையும் அத்தோடு மறையவில்லை. ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் நியோப்ரீன் குமிழ்கள் நசுங்கி, உடை மெலிந்து, வெம்மை குன்றிவிடுகிறது. ஆகவே ஆழ்கடலில் இறங்குவோர் நனையா உடையையே மீண்டும் நாடினர். காற்றும் நீரும் ஊடுருவாத பல்லிணைப்புச் சிப் வந்தபின், பழைய வயிற்றுத் திறப்பும் கவ்வியும் ஒழிந்தன. 1960களில் சுவீடனின் பொசைடன் நிறுவனம் நியோப்ரீனாலேயே நனையா உடை ஒன்றைச் செய்தது.

இனி, பலகை விளையாட்டுக்கு வருவோம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பெப்பின் ஏரியில், ரால்ப் சாமுவேல்சன் என்னும் பதினெட்டு வயது இளைஞர் 1922இல் இரண்டு மரப்பலகைகளில் நின்று படகின் பின்னே சறுக்கியதே நீர்ச்சறுக்கின் தொடக்கம். 1985இல் டோனி பின் ஒற்றைப் பலகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1990இல் ஹெர்ப் ஓ'பிரையன் அதைச் சீர்செய்தார். இன்றைய வேக்போர்டு அதன் வழித்தோன்றல்.

இவ்விளையாட்டு முக்குளிப்பினின்றும் வேறுபடும் இடங்களைக் கருதினாலன்றி உடையைத் தேர முடியாது. பலகைக்காரன் ஆழத்துக்குப் போவதில்லை. ஆகவே குமிழ் நசுங்கும் அச்சம் அவனுக்கில்லை. அவனுக்குப் பகை வேறு இரண்டு. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அவன் விழும்போது, நீர் கழுத்து வழியே பீறிட்டு உள்ளே பாய்ந்து, வெதுவெதுப்பாயிருந்த நீரை அடித்துக்கொண்டு போகிறது. பிராட்னர் சொன்ன ‘புதுநீர் பாயாதவரை’ என்னும் கட்டுப்பாடு அங்கே உடைகிறது. நீருக்கு மேலே நிற்கும்போதோ, நனைந்த உடையின் வெளிப்புறத்தைக் காற்று உலர்த்தி வெம்மையைக் கவர்ந்து செல்கிறது.

ஆதலால் நனையும் உடையைத் தேர்பவர் தடிமனைவிட அளவையே முதலில் நோக்கவேண்டும் என்பது நம் கருத்து. முதுகிலும் அக்குளிலும் தொள தொளவென்று நிற்கும் 5 மில்லிமீட்டர் உடையினும், தோலோடு ஒட்டிய 3 மில்லிமீட்டர் உடை மேல். கழுத்துப்பட்டை இறுக்கமாகவும் மூச்சைத் தடுக்காமலும் இருத்தல் வேண்டும். மார்பும் முதுகும் துணி போர்த்தாத வழவழப்பான ரப்பராயிருந்தால் நீர் வழிந்தோடிக் காற்றின் கொடுமை குறையும். 18 டிகிரிக்கு மேற்பட்ட நீருக்கு 2 மில்லிமீட்டரே போதும். 12 முதல் 17 டிகிரி வரை, உடலில் 3 அல்லது 4 மில்லிமீட்டரும் கைகால்களில் ஒரு மில்லிமீட்டர் குறைவும் உள்ள உடை வழக்கம். அதற்குக் கீழே 5 மில்லிமீட்டரோடு காலுறை, கையுறை, தலைமூடி ஆகியவையும் வேண்டும்.

நீர் 10 டிகிரிக்குக் கீழே போனாலோ, நனையா உடைக்கே நாம் இடம் தருவோம். கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள மெல்லிய ரப்பர் பட்டைகள், எவ்வளவு வேகமாக விழுந்தாலும் நீரைத் தடுக்கும். உள்ளே கம்பளியோ அதுபோன்ற உடையோ அணியலாம், பருத்தி ஆகாது. ஆனால் அது அகன்ற பைபோன்றது, நீரில் இழுபடும். அணிந்தவுடன் குந்தி உட்கார்ந்து கழுத்துப்பட்டையை விரலால் விலக்கி உட்காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லையேல் விழும்போது காற்று கால்களுக்கு ஏறித் தலையைக் கீழே தள்ளக்கூடும். இரண்டில் எதை அணிந்தாலும் மிதவைச் சட்டைக்கு அவை மாற்றாகா.

வெயிலைக் கண்டு ஏமாறுவதே பெரும் இடர். ஒன்டாரியோ ஏரிக்கரையில் மே மாதக் காற்று 20 டிகிரியைத் தொடும். ஏரிநீரோ 10 டிகிரிக்கும் கீழே கிடக்கும். கரையில் நின்று சட்டையைக் கழற்றத் தோன்றும் நாளது. கனடாவின் குளிர்நீர் ஆய்வாளர் ஜீஸ்பிரெக்ட் ஓர் எளிய கணக்கைப் பரப்பியிருக்கிறார். உறையும் நிலையை ஒட்டிய நீரில் விழுந்தவனுக்கு மூச்சை அடக்கியாள ஒரு நிமிடம், கைகால்கள் பயன்படப் பத்து நிமிடம், நினைவு தப்பும்வரை ஒரு மணி நேரம். பெரும்பாலோர் அந்த ஒரு மணி நேரத்தை எண்ணி அஞ்சுகின்றனர். உயிர்கள் பல போவது முதல் நிமிடத்தில், திடீரென்று இழுத்த மூச்சோடு நீரும் உள்ளே போவதனால். கடைக்குப் போகும் முன்னர் ஏரிக்குப் போய், ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி நீரில் விட்டுப் பார்த்தால், எந்த உடை வேண்டும் என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.