ஊவா மலைக்கு வந்த கருப்பு பீர்

கொழும்பிலிருந்து பலாங்கொடை வழியாக மலையேறும் நெடுஞ்சாலை பெரகலையில் பிரிகிறது. ஒரு கிளை அப்புத்தளைக்கு ஏறுகிறது. மற்றொன்று கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயாப் பக்கம் இறங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊவாவின் இந்தச் சுற்றுவட்டக் காடுகளை வெட்டி முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் போட்ட துரைமார், தங்கள் நாட்டுக் குடியையும் கூடவே கொண்டுவந்தார்கள். அதில் ஒன்று போர்ட்டர் என்ற கருப்பு பீர்.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் சுமைகூலிகளின் பீராக இருந்தது. வேலை முடிந்து வந்தவர்கள் வயிறு நிறையக் குடித்தது அதைத்தான். 1817இல் டேனியல் வீலர் என்பவர் பார்லி மால்ட்டைக் கரியாமல் வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். கோப்பிக்கொட்டை போலக் கறுத்த அந்த மால்ட்டைச் சிறிதளவு சேர்த்தாலே போதும், நிறமும் கசப்பும் கிடைத்துவிடும். பீப்பாய் பீப்பாயாக இந்தியாவிலிருந்த பட்டாளத்துக்கும் போர்ட்டர் கப்பலேறியது. சூயஸ் கால்வாய் திறந்த 1869 வரை ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் கப்பல் வரவேண்டும். மாதக்கணக்கில் வெக்கையில் ஆடிவந்த பீப்பாய் கெடுவதற்கு வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் இங்கேயே வடிப்பது எப்படி? முளைகட்டி உலர்த்திய பார்லியைக் கரகரப்பாக உடைத்து, சுமார் 66 பாகை வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவைக்க வேண்டும். மாவுச்சத்து சர்க்கரையாகும், தண்ணீர் இனித்துப் பிசுபிசுக்கும். அதை வடித்து, ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணிநேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். இதுவரை யாரும் செய்துவிடலாம். சிக்கல் இனிமேல்தான். போர்ட்டருக்கான ஈஸ்ட் 20 பாகையை ஒட்டிய குளிர்ச்சியில்தான் ஒழுங்காக வேலை செய்யும். கொழும்பு வெயிலில் புளித்தால் நெடியேறிக் கெட்டுப்போகும். குளிரூட்டும் இயந்திரம் இல்லாத காலத்தில் இந்தத் தொழிலுக்கு மலை வேண்டியிருந்தது.

கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். பின்னாளில் ஆப்பிரிக்காவில் அல்பர்ட் ஏரியைக் கண்ட சாமுவேல் பேக்கர், 1840களின் இறுதியில் அங்கே ஓர் ஆங்கிலப் பண்ணைக் கிராமத்தையே நடப் பார்த்தார். கொல்லன், பண்ணை மேற்பார்வையாளர், மாடுகள், வேட்டைநாய்கள் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தன. ஓட்ஸை மரையும் பன்றியும் தின்றன. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. அவர் 1849இல் தன் தேவைக்கென வீட்டளவில் பீர் வடித்தார் என்பதையே இலங்கை பீரின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். 1881இல் அதே ஊரில் சிலோன் புரூவரி தொழிலாக எழுந்தது. லவர்ஸ் லீப் அருவியின் நீரை அது பயன்படுத்தியது. ரயில் 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் எட்டியதும் ஊவாத் தோட்டங்களுக்குச் சரக்கு வரும் வழி சுருங்கியது.

தோட்டத் தொழிலாளர் வசித்த லயன்களின் குடி வேறு. தொழிலாளிக்குக் கிடைத்தது தவறணைச் சாராயமும் கள்ளும்தான். லண்டனில் கூலியாளின் பீர், இங்கே கூலியாளுக்கு எட்டாத பீர்.

உள்ளூர்த் தானியத்துக்கும் இதில் இடமில்லை. ஊவாச் சேனைகளில் குரக்கன் விளைந்தது. இமயமலைப் பக்கம் அதே தானியத்தைப் புளிக்கவைத்துக் குடிக்கிறார்கள். இங்கே அது பிட்டாகவும் களியாகவும்தான் போனது. போதைக்குக் கித்துள் மரம் இருந்தது. மரத்திலிருந்து கள் தானாகப் புளித்து இறங்கும்போது, முளைகட்டி உலர்த்தி வடிக்கும் வேலைக்கு யார் மெனக்கெடுவார்கள்? அதனால் மால்ட்டும் ஹாப்ஸும் இன்றுவரை கப்பலில்தான் வருகின்றன.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் கதையை வேறு பக்கம் திருப்பியது. தவறணைகள் பெருகும் என்று அஞ்சி அதற்கு எதிராக மதுவிலக்கு இயக்கம் கிளம்பியது; சேனநாயக்க சகோதரர்கள் அதில் முன்னே நின்றார்கள். தவறணை பற்றிய அந்தச் சத்தத்தில் யாரும் பெரிதாகப் பேசாத விஷயம் ஒன்று உண்டு: அனுமதியில்லாமல் எந்த மதுவையும் உற்பத்தி செய்ய முடியாது என்ற விதி. பேக்கர் செய்ததுபோல வீட்டில் வடிக்கும் வழி அத்துடன் அடைபட்டது. புரூவரிகள் மட்டும் நிலைத்தன.

மலைப் புரூவரியின் லயன் ஸ்டவுட், போர்ட்டர் வழிவந்த கெட்டியான சரக்கு. பாடகரல்லாத மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய பீர் எழுத்தாளர் அதைப் பாராட்டி எழுதியதால் வெளிநாடுகளிலும் பெயர் பெற்றது. 1990களின் இறுதியில் உற்பத்தி நுவரெலியாவை விட்டுக் கொழும்புக்கு அருகே பியகமவுக்கு இறங்கியது. குளிரை இப்போது இயந்திரம் தருவதால் மலை தேவைப்படவில்லை. பண்டாரவளைக் கடையில் விற்கும் ஸ்டவுட் போத்தல் இன்று கீழ்நாட்டிலிருந்து ஏறி வருகிறது. 1912இன் சட்டமோ, பலமுறை திருத்தப்பட்டும் நடைமுறையில் இருக்கிறது.