அறிவித்தற் பலகையும் இணையத்தளமும்: பேராதனையிலிருந்து ஒரு நோக்கு

பல்கலைக்கழகமொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கட்டடங்களையும் பீடங்களையும் உபவேந்தர்களையும் பற்றியே பெரிதும் எழுதுவர். அந்நிறுவனம் தன் மாணவரோடு எவ்வழியாகப் பேசிற்று, எம்மொழியிற் பேசிற்று என்பன ஆய்வாளரின் கருத்தை அதிகம் ஈர்ப்பதில்லை. இணையத்தளம் பல்கலைக்கழகத்தின் முதன்மையான வாயாகிவிட்ட இக்காலத்தில் இக்கேள்வியைச் சற்று நின்று நோக்குதல் பொருந்தும்.

1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது கல்வியும் நிர்வாகமும் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. பதிவாளரின் ஒப்பத்துடன் பலகையில் ஒட்டப்பட்ட தாளே அறிவித்தலாயிற்று. 1960ஆம் ஆண்டளவில் கலைப்பீடத்திற் சுயமொழிக் கல்வி புகுந்தது. தமிழிற் கற்றுத் தேறிய மாணவர், ஆங்கிலத்தைச் சரளமாக வாசிக்க இயலாதவராயும் பலகையின் முன் வந்து நின்றனர். ஆயினும் அப்பலகைக்கு ஒரு நற்குணம் இருந்தது. விரிவுரைக்குச் செல்வோர் அனைவரும் அதனைக் கடந்தே சென்றனர். விளங்காதவர் அருகில் நின்ற நண்பரைக் கேட்டறிந்தனர். அறிவித்தலின் குறையை வளாகமே தீர்த்துவைத்தது எனலாம்.

இலங்கையிற் பல்கலைக்கழகங்களிடையே கணினி வழியான தொடர்பு 1990இல் மின்னஞ்சலாகத் தொடங்கியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று உருவாக்கிய 'லேர்ன்' எனும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பே அதற்கு அடித்தளம். தொடக்கத்தில் மடல்கள் ஓரிடத்திற் சேர்த்து வைக்கப்பட்டு, தொலைபேசி இணைப்பு ஏற்படுத்தப்படும் வேளைகளில் மொத்தமாக அனுப்பப்பட்டன. அஞ்சற்பையைப் புகைவண்டியில் ஏற்றும் பழைய முறைக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. 1990களின் நடுப்பகுதியில் நிலையான இணைய இணைப்பு வந்தது. சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த வலை, 1993 ஏப்பிரலில் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்கதாக அறிவிக்கப்பட்டிருந்தமையால், பல்கலைக்கழகங்கள் தத்தம் தளங்களை அமைப்பதற்கு உரிமக் கட்டணம் ஒரு தடையாகவில்லை.

தடை வேறிடத்தில் இருந்தது. அன்றைய மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளையே சுமந்தது; தமிழர் தம்முள்ளும் தமிழை உரோம எழுத்திலேயே எழுதினர். யூனிக்கோடு எனும் உலகப் பொதுக் குறியீட்டில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், சாதாரண பயனரின் கணினியில் அது இயங்கப் பல ஆண்டுகள் சென்றன. இடைப்பட்ட காலத்தில் இலங்கையிற் 'பாமினி' எழுத்துருவே கோலோச்சியது. அவ்வெழுத்துரு நிறுவப்படாத கணினியில் தமிழ்ப் பக்கத்தைத் திறப்போர் கண்டது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையையே. வாசகனிடம் 'முதலில் எழுத்துருவை இறக்கிக்கொள்க' என வேண்டுகோள் விடுக்காத தமிழ்த் தளம் அந்நாளில் அரிது. 1999இற் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடு விசைப்பலகையையும் குறியீட்டையும் ஒழுங்குபடுத்த முயன்றது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் இயங்குதளம் யூனிக்கோட்டுத் தமிழைத் தாங்கியது. இலங்கை தமிழுக்கான தன் தகவல் தொழினுட்ப நியமத்தை 2008இல் வெளியிட்டது. 2010இல் '.இலங்கை' எனும் தமிழ் ஆள்களப் பெயரும் நடைமுறைக்கு வந்தது.

ஆக, 2010ஆம் ஆண்டுக்குப் பின் 'தமிழிற் செய்ய இயலாது' எனக் கூறத் தொழினுட்பம் எவருக்கும் இடம் வைக்கவில்லை. சட்டமும் வைக்கவில்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம் அதன் நடைமுறையை விரித்துரைத்தது. அவ்வாறாயின் இன்றும் பல நிறுவனங்களின் தளங்களிலே தமிழ்ப் பக்கம் வெறுமையாகக் கிடப்பது ஏன்?

விடை மிகச் சாதாரணமானது. ஆதலாற்றான் எவரும் அதனைப் பெரிதாகப் பேசுவதில்லை. தளமொன்றை அமைப்பது ஒருமுறை செய்யும் வேலை; அதனைப் பேணுவது நாள்தோறும் செய்யும் வேலை. வேர்ட்பிரஸ் போன்ற உள்ளடக்க மேலாண்மைக் கருவிகள் வந்தபின், கணினி மொழி அறியாத எழுதுவினைஞரும் அறிவித்தலைப் பதிவேற்றலாம். 2002இல் வெளிவந்து, இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிற் பாடங்களைத் தாங்கிநிற்கும் 'மூடில்' கற்றல் தளத்துக்கும் தமிழ் இடைமுகம் உண்டு. ஆனால் கருவி மொழிபெயர்ப்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதிய அறிவித்தல் அன்றே தளமேறும். அதன் தமிழாக்கம் மொழிபெயர்ப்பாளரின் மேசைக்குச் சென்று மீள்வதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துவிடும். பட்டிற் கரை போலத் தலைப்புகள் மட்டும் மும்மொழியில் ஒளிரும். நிறுவனமொன்றின் தமிழ்ப் பக்கத்தில் மூன்றாண்டுக்கு முந்திய அறிவித்தலே 'புதியது' எனும் குறியோடு நின்றதை யாமே கண்டோம். இயந்திர மொழிபெயர்ப்பு இக்குறையை நீக்கும் என்போர் உளர். பரீட்சை விதிகளை அதனிடம் ஒப்படைத்து, சரிபார்ப்போர் இன்றி வெளியிடத் துணிவோர் எத்தனை பேர்?

இன்னொரு பழக்கமும் கண்டிக்கத்தக்கது. கையொப்பமிட்ட தாளை ஒளிப்படமாக்கி அப்படியே பதிவேற்றுவது அலுவலகத்துக்கு எளிது. ஆனால் படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி எளிதிற் கண்டெடாது. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பு மென்பொருள் அதனை ஓசையாக்காது. குறைந்த வேக இணைப்பில் அது திறக்கவும் மறுக்கும்.

2020 மார்ச்சில் நோய்த்தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது இவையனைத்தும் ஒருங்கே வெளிப்பட்டன. லேர்ன் வலையமைப்பு சூம் வழியான விரிவுரைகளுக்கு வகைசெய்தது. பல்கலைக்கழகச் சேவையகங்களைத் தரவுக் கட்டணமின்றி அணுகத் தொலைபேசி நிறுவனங்கள் இணங்கின. சிறிய நாடொன்றுக்கு இது பெருமைக்குரிய சாதனையே. எனினும் கலகாவிலோ தெல்தோட்டையிலோ தோட்டத்து லயத்திலிருந்து கற்கும் மாணவிக்கு அலைவரிசை கிடைக்கும் மேட்டைத் தேடி ஏறவேண்டியிருந்தது. ஏறிய பின் வாசிக்கக் கிடைத்தது ஆங்கிலத் தாளின் படமாயின், கேட்டறிய அருகில் நண்பர் எவருமில்லை. வளாகம் செய்துவந்த அப்பணியை இணையத்தளம் ஏற்கவில்லை.

வரலாற்று மாணவருக்குப் பிறிதொரு கவலையும் உண்டு. இலங்கையில் அச்சாகும் நூல்களின் படியைச் சட்டப்படி பெறும் உரிமை பேராதனை நூலகத்துக்கு உண்டு. இணையப் பக்கத்துக்கு அத்தகைய காப்பு இல்லை. தளம் புதுப்பிக்கப்படுந்தோறும் பழைய அறிவித்தல்களும் செய்திகளும் மறைகின்றன. இளங்கதிரின் பழைய இதழ்கள் பலவற்றை இன்று 'நூலகம்' எண்ணிம நூலகத்திற் படிக்க முடிவதற்குக் காரணம் அவை முதலில் தாளில் இருந்தமையே. யாம் அறிந்த மாணவர் மன்றமொன்று தனக்கென ஒரு தளத்தை ஆர்வத்தோடு தொடங்கியது. அதனை அமைத்த மாணவர் பட்டம் பெற்று வெளிநாடு சென்றார். கடவுச்சொல்லும் அவரோடு சென்றது. ஆண்டுக் கட்டணம் செலுத்தப்படாமையால் முகவரியும் பிறர் கைக்குப் போயிற்று. நான்கு ஆண்டு நாடகவிழாப் படங்களும் உரைகளும் அதில் இருந்தன. அவ்விழாக்களின் அழைப்பிதழ்கள் இரண்டு மட்டும், ஒரு விரிவுரையாளரின் கோப்பில் இருந்தபடியால், எமக்குக் காணக் கிடைத்தன.