ஒரே வெள்ளை, ஆயிரம் பேர்: ஸ்னோடிராப் பூவை அடையாளம் கண்டவர்களின் கதை

இந்த எபிசோட்ல ஒரு சின்னப் பூவோட வரலாறு. பெரும்பாலும் ஒரு சாண் உயரம்கூட வளராது. தலையைக் குனிஞ்சு தொங்கும். வெள்ளை நிறம், உள்ளே கொஞ்சம் பச்சை. அவ்வளவுதான்.

2015ல இங்கிலாந்துல ஒரு இணைய ஏலம். இந்தச் செடியோட ஒரே ஒரு கிழங்கு 1,390 பவுண்டுக்கு விலை போச்சு. அந்த ரகத்தோட பேரு 'கோல்டன் ஃப்ளீஸ்'. 2022ல 'கோல்டன் டியர்ஸ்'னு இன்னொரு ரகம் 1,850 பவுண்டைத் தொட்டுச்சு. பார்க்க எப்படி இருக்கும்னா, ஒரு சின்ன வெங்காயம் மாதிரி இருக்கும். தோட்டக் கடையில மலிவா கிடைக்கிற சாதாரண ஸ்னோடிராப் கிழங்கை எடுத்து இது பக்கத்துல வெச்சா, எது எதுன்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது.

அப்போ அந்தப் பணம் எதுக்கு? ஒரு பேருக்கு. அந்தப் பேர் சரியானதுங்கிற நம்பிக்கைக்கு. அந்த நம்பிக்கை எப்படி உருவாச்சு, எங்கெல்லாம் உடைஞ்சுது, உடைஞ்சப்போ என்ன தொலைஞ்சு போச்சு? இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

விருந்தாளியா வந்த பூ

ஸ்னோடிராப்னா பிரிட்டனோட சொந்தப் பூன்னு பலர் நினைப்பாங்க. பிப்ரவரியில சர்ச் வளாகம், ஓடைக்கரை, பழைய பங்களாத் தோட்டம்னு எங்க பார்த்தாலும் இருக்கும். ஆனா இது அங்க வந்து குடியேறினது. சாதாரண ஸ்னோடிராப்போட இயற்கையான இடம் பிரனீஸ் மலையில தொடங்கி உக்ரைன் வரைக்கும் போகுது. இங்கிலாந்துல 1597ல ஜான் ஜெரார்ட் எழுதின மூலிகை நூல்ல இது தோட்டச் செடியா வருது. அப்போ 'ஸ்னோடிராப்'ங்கிற பேரே கிடையாது. வயலெட் வகையில ஒன்னா அதைச் சேர்த்துச் சொல்லியிருந்தார். 1633ல தாமஸ் ஜான்சன் அந்த நூலைத் திருத்தி வெளியிட்டப்போதான், இதை ஸ்னோடிராப்னும் சிலர் சொல்றாங்கன்னு சேர்த்தார். காட்டுல தானா வளருதுன்னு பிரிட்டன்ல முதல் பதிவு வர்றது 1778லதான். தோட்டத்துல நுழைஞ்சு கிட்டத்தட்ட 180 வருஷம் கழிச்சு!

நடுவுல 1753ல, ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் இதுக்கு அறிவியல் பேர் வெச்சார்: கலாந்தஸ் நிவாலிஸ். கிரேக்கத்துல 'காலா'ன்னா பால், 'ஆந்தோஸ்'னா பூ. 'நிவாலிஸ்' லத்தீன் சொல், பனிக்குரியதுன்னு அர்த்தம். பனிக்காலத்துல வர்ற பால் பூ. அன்னைக்கு அந்த ஒரு இனத்துக்கு மட்டும்தான் பேர். இன்னைக்கு 20 இனத்துக்கும் மேல கணக்குல இருக்கு. மனுஷன் உருவாக்கினதும் தேர்ந்தெடுத்ததுமான ரகங்கள் ஆயிரத்துக்கும் மேல.

போர்க்களமும் மலைச்சரிவும்

ஒன்னு பலவானது 19ஆம் நூற்றாண்டுல. 1853லேருந்து 1856 வரைக்கும் கிரிமியப் போர் நடந்துச்சு. கிரிமியாவுல வளர்ற ஸ்னோடிராப் வேற இனம்: கலாந்தஸ் பிளிகேட்டஸ். இலை அகலம், பூ பெருசு. போருக்குப் போன பிரிட்டிஷ்காரங்க அந்தக் கிழங்கை ஊருக்குக் கொண்டுவந்ததா இன்னைக்கும் தோட்டக்காரங்க சொல்வாங்க.

அடுத்தவர் ஹென்றி ஜான் எல்வெஸ். குளோஸ்டர்ஷயர்ல கோல்ஸ்போர்ன்ங்கிற இடத்துல பெரிய எஸ்டேட் வெச்சிருந்தவர். பறவை, லில்லி, மரம்னு எல்லாத்துலயும் ஆர்வம். 1874ல இன்னைக்கு இஸ்மிர்னு சொல்ற துருக்கியின் ஸ்மிர்னா பக்கம் மலையில, பெரிய பூ பூக்கிற ஒரு ஸ்னோடிராப்பைப் பார்த்தார். மறு வருஷமே கியூ தாவரவியல் பூங்காவோட இயக்குநர் ஜோசப் ஹூக்கர் அதுக்கு கலாந்தஸ் எல்வெசியைன்னு பேர் வெச்சுட்டார். கோல்ஸ்போர்ன் தோட்டத்தை இன்னைக்கும் பிப்ரவரியில ஸ்னோடிராப் பார்க்கவே மக்கள் தேடிப் போறாங்க.

சரி, இத்தனை வெள்ளைப் பூ ஒரே தோட்டத்துல வந்து சேர்ந்தாச்சு. எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பூவைப் பார்க்காதீங்க, இலையைப் பாருங்க

முதல்ல, இது ஸ்னோடிராப்தானான்னு உறுதி பண்ணணும். ஸ்னோஃப்ளேக்னு ஒரு சொந்தக்காரச் செடி இருக்கு. அதோட ஆறு இதழும் ஒரே அளவு, ஒவ்வொன்னு நுனியிலயும் ஒரு பொட்டு. ஸ்னோடிராப்ல மூணு வெளி இதழ் நீளம், மூணு உள் இதழ் குட்டை. பச்சைக் குறி பெரும்பாலும் உள் இதழ்லதான் இருக்கும்.

அடுத்து இலை. பூ எப்பவும் கண்ணை ஏமாத்தும், இலை அவ்வளவு ஏமாத்தாது. மண்ணைவிட்டு வெளிய வர்ற இடத்துல ரெண்டு இலையும் எப்படிச் சேர்ந்திருக்குன்னு குனிஞ்சு பாருங்க. ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிடுற மாதிரி தட்டையா ஒட்டியிருந்தா, அது நிவாலிஸ். இலை குறுகலா, சாம்பல் கலந்த பச்சையா இருக்கும். ஒரு இலை இன்னொன்னைச் சுத்தி அணைச்சிருந்தா எல்வெசியையா இருக்கலாம், காகசஸ் பக்கத்து வொரோனோவியையாவும் இருக்கலாம். நிறத்துல பிரிச்சிடலாம்: எல்வெசியை சாம்பல் பச்சை, வொரோனோவியை பளிச்சுனு பச்சை. இலையோட ரெண்டு ஓரமும் புடவைக்கு ஓரம் அடிச்ச மாதிரி பின்னால மடிஞ்சிருந்தா, அதுதான் கிரிமியாவுல பார்த்த பிளிகேட்டஸ். அந்தப் பேருக்கே மடிப்பு உள்ளதுன்னுதான் அர்த்தம்.

அதுக்கப்புறம்தான் உள் இதழ்ல இருக்கிற பச்சைக் குறி. நிவாலிஸுக்கு நுனியில தலைகீழான 'வி' மாதிரி ஒன்னு. எல்வெசியைக்கு நுனியில ஒன்னு, அடியில ஒன்னு. ஆனா ஒரே குறியோட வர்ற எல்வெசியையும் இருக்கு. குறியை மட்டும் நம்பி முடிவு பண்ணினா தப்பாயிடும். அதனாலதான் இலை முதல்ல, குறி அடுத்தது.

ஒரு சிக்கல் இருக்கு. இதெல்லாம் இனத்தைப் பிரிக்கத்தான் உதவும். ஒரே தோட்டத்துல ரெண்டு இனம் பக்கத்துல பக்கத்துல இருந்தா தேனீ சும்மா இருக்காது. மகரந்தம் மாறும், கலப்பினம் வரும். அங்கதான் நம்ம அடுத்த ஆள் வர்றார்.

ஸ்னோடிராப் ராஜா இழந்தது

ஜேம்ஸ் ஆலன். சோமர்செட்ல ஷெப்டன் மேலட்டுங்கிற ஊர்க்காரர். 'ஸ்னோடிராப் ராஜா'ன்னு பேர் வாங்கினவர். விதை போட்டு, முளைக்க வெச்சு, அதுலேருந்து நல்லதைத் தேர்ந்தெடுத்து நூத்துக்கும் மேற்பட்ட ரகங்களை வளர்த்தார். 1891ல லண்டன் ராயல் தோட்டக்கலைச் சங்கத்துல ஸ்னோடிராப்புக்குன்னே ஒரு மாநாடு நடந்தப்போ அங்க பேசினவர்கள்ல அவரும் ஒருத்தர்.

அதுக்கப்புறம் நோய் வந்துச்சு. போட்ரைடிஸ்னு ஒரு பூஞ்சை. செடியே சாம்பல் பூத்து அழுகிடும். கூடவே கிழங்கை உள்ளே இருந்து தின்கிற ஈப் புழு. அவர் சேர்த்ததுல பெரும்பகுதி போச்சு. தப்பிப் பிழைச்சு இன்னைக்கும் பரவலா வளர்றதுல 'மேக்னெட்', 'மெர்லின்' ரெண்டும் முக்கியம். 'மேக்னெட்'டோட பூக்காம்பு ரொம்ப நீளம், லேசா காத்தடிச்சாலே பூ ஊஞ்சலாடும். 'மெர்லின்'ல உள் இதழ் முழுக்கப் பச்சை.

ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டாதான் இந்த இழப்போட அளவு தெரியும். பேர் வெச்ச ஒரு ஸ்னோடிராப் ரகம்ங்கிறது உண்மையில ஒரே ஒரு செடி. ஆலன் கையில முளைச்ச அந்த ஒரு 'மேக்னெட்' கிழங்கு பக்கத்துல குட்டி போட்டு, அந்தக் குட்டி இன்னொரு குட்டி போட்டு, இன்னைக்கு உலகம் முழுக்க இருக்கிற 'மேக்னெட்' எல்லாமே அதே உயிரோட துண்டுகள். விதை போட்டா அது வராது. வேற ஒன்னுதான் வரும். கடைசிக் கிழங்கு அழுகினா அந்த ரகம் முடிஞ்சுது. திரும்ப உருவாக்க வழியே இல்ல.

அழுகாம, பேரை மட்டும் தொலைச்சாலும் கிட்டத்தட்ட அதே கதைதான். செடி உயிரோட இருக்கும். ஆனா அது யார்னு சொல்ல ஆள் இருக்காது.

பேர் எப்படித் தொலையுது?

ரொம்ப சாதாரணமா. லேபிள் உடைஞ்சிடும். இல்லைன்னா எறும்பு வேலையைக் காட்டும். ஸ்னோடிராப் விதையில எறும்புக்குப் பிடிச்ச சதைப்பற்றான ஒரு சின்னப் பகுதி இருக்கு. எறும்பு விதையை இழுத்துட்டுப் போய் எங்கேயாவது போட்டுடும். சில வருஷம் கழிச்சு, உங்க 'மேக்னெட்' கூட்டத்துக்கு நடுவுல வேற ஒரு செடி பூக்கும். நீங்க கவனிக்கல. அதுல ஒரு கொத்தைத் தோண்டி நண்பருக்குக் கொடுக்கிறீங்க. அவர் 'மேக்னெட்'னு லேபிள் எழுதுறார். முடிஞ்சுது.

'அட்கின்சியை'ன்னு ஒரு பழைய ரகம். குளோஸ்டர்ஷயர் பெயின்ஸ்விக்ல இருந்த ஜேம்ஸ் அட்கின்ஸ் பேர்ல வந்தது. உயரமான, அழகான பூ. ஆனா அதே பேர்ல இன்னொரு செடியும் ரொம்ப நாள் சுத்திட்டிருந்துச்சு. அதுல அடிக்கடி ஒரு இதழ் கோணலா, கூடுதலா வரும். இப்போ அதைத் தனியா பிரிச்சு 'ஜேம்ஸ் பேக்ஹவுஸ்'னு சொல்றாங்க.

இன்னொரு உதாரணம், நார்ஃபோக்ல பிரண்டல் ஊர்ல இருந்த ஹெய்ரிக் கிரேட்டொரெக்ஸ். 20ஆம் நூற்றாண்டு நடுவுல அடுக்கு ஸ்னோடிராப்களை உருவாக்கினவர். 'ஒஃபீலியா', 'டைட்டானியா', 'ஹிப்பொலைட்டா'ன்னு பலதுக்கு ஷேக்ஸ்பியர் பாத்திரங்களோட பேர். கேட்க அழகா இருக்கு. ஆனா அந்த அக்கா தங்கச்சிகளைப் பிரிச்சுச் சொல்றது அனுபவசாலிகளுக்கே இன்னைக்கும் தலைவலி.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஆட்கள் உட்கார்ந்து வேலை செஞ்சாங்க. 1956ல ஃப்ரெடரிக் ஸ்டெர்ன் எழுதின புத்தகம், 1999ல இனங்களைப் பத்தி ஆரன் டேவிஸ் எழுதினது, அப்புறம் பிஷப், டேவிஸ், கிரிம்ஷா மூணு பேரும் சேர்ந்து தோட்ட ரகங்களைத் தொகுத்தது. இந்தப் பூ மேல பைத்தியமா இருக்கிறவங்களுக்கு 'கலாந்தோஃபைல்'னு ஒரு பேரே உண்டு. ஈ. ஏ. போல்ஸ்ங்கிற தோட்டக்காரர் ஒரு கடிதத்துல பயன்படுத்தின சொல் அது.

பேர் தெரியாத மூட்டைகள்

இது ஏதோ வசதியானவங்க பொழுதுபோக்குன்னு தோணலாம். ஆனா இதே கேள்வி துருக்கி மலைச்சரிவுலயும் இருக்கு. ஐரோப்பியத் தோட்டங்களுக்காக அங்க காட்டுலேருந்து எல்வெசியை கிழங்குகளைத் தோண்டி மூட்டை மூட்டையா ஏத்துமதி பண்ணாங்க. பூவும் இலையும் இல்லாத கிழங்கு மூட்டையில எந்த இனம் இருக்குன்னு துறைமுகத்துல நிக்கிற அதிகாரியால எப்படிச் சொல்ல முடியும்? அரிதான இனம் கலந்திருந்தாலும் தெரியாது. 1990லேருந்து கலாந்தஸ் மொத்தமும் சைட்டிஸ் ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல இருக்கு. ஒரு இனத்தை மட்டும் சேர்க்காம எல்லாத்தையும் ஒன்னா சேர்த்தா, இந்த அடையாளச் சிக்கல் அவ்வளவு இடைஞ்சல் பண்ணாது. இப்போ நாடு விட்டு நாடு வணிகம் பண்ண அனுமதி வேணும், ஏத்துமதிக்கு வருஷ அளவு உண்டு.

காட்டுல இருக்கிறதைக் காப்பாத்த இன்னொரு காரணமும் இருக்கு. 1950கள்ல சோவியத் விஞ்ஞானிகள் வொரோனோவியை கிழங்குலேருந்து கலன்டமின்ங்கிற பொருளைப் பிரிச்செடுத்தாங்க. 2001ல அமெரிக்காவுல அது அல்சைமர் நோய்க்கான மருந்தா அனுமதி வாங்குச்சு. நோயைக் குணப்படுத்தாது, அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கும். அதுக்காக யாரும் கிழங்கைக் கடிச்சுப் பார்க்காதீங்க, அது நஞ்சு.

வளர்க்கிறவங்களுக்கு

இதுக்கு நிஜமான குளிர்காலம் வேணும், அதனால சென்னை மாடித் தோட்டத்துல ஆசைப்படாதீங்க. லண்டன், டொராண்டோ மாதிரி ஊர்கள்ல இருந்து கேட்கிறவங்களுக்கு மட்டும் சில விஷயம். இலை உதிர்ற மரத்தடி நிழல், தண்ணி தேங்காத மண் போதும். பூ முடிஞ்சு இலை பச்சையா இருக்கும்போதே கொத்தைப் பிரிச்சு நடுங்க. ஒரே மாதிரி ரெண்டு ரகத்தைப் பக்கத்துல வைக்காதீங்க. பேர் உள்ள ரகத்துல காய் பிடிச்சா, விதை சிந்துறதுக்கு முன்னாடி கிள்ளிடுங்க. லேபிளை மட்டும் நம்பாம, எதை எங்க வெச்சீங்கன்னு நோட்டுல ஒரு வரைபடம் போட்டு வைங்க. இலை மண்ணைவிட்டு வர்ற இடத்தையும், உள் இதழ்க் குறியையும் வருஷா வருஷம் ஃபோட்டோ எடுங்க. புதுசா நட்ட செடி முதல் வருஷம் சரியா காட்டாது, அதனால ரெண்டு வருஷம் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. சந்தேகம் இருந்தா, பேர் இல்லாமலே கொடுங்க. தப்பான பேரைவிட அது எவ்வளவோ மேல்.

ஆலனோட நூத்துச்சொச்ச ரகங்கள்ல சிலது இன்னும் எங்கேயாவது ஒரு பழைய வீட்டுக் கொல்லையில பூத்துட்டிருக்கலாம். ஆனா அதைப் பார்த்து, "இது அவரோடது"ன்னு உறுதியாச் சொல்ல இப்போ ஆள் இல்ல. 'மேக்னெட்' மட்டும் நம்மகிட்ட வந்து சேர்ந்திருக்குன்னா, நூறு வருஷத்துக்கும் மேல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கிழங்கைக் கொடுக்கும்போது பேரையும் சரியாச் சொல்லிக் கொடுத்திருக்காங்க.