மகாவீராசாரியரின் கணித நெறி

சமண மரபில் கணிதத்திற்குத் தனி இடம் உண்டு. உலகின் அமைப்பையும் காலத்தின் பகுப்பையும் கூறும் கரணானுயோகம் எண்ணறிவின்றி விளங்காது. அம்மரபில் தோன்றிய பேரறிஞர் மகாவீராசாரியர். இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷ நிருபதுங்கரின் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 850இல், 'கணித சார சங்கிரகம்' என்னும் வடமொழி நூலை இயற்றினார். எண்ணறிவின் விளக்காக விளங்கிய பகவான் மகாவீரரை வணங்கியே நூல் தொடங்குகிறது. முன்னோர் பலர் வானநூலின் ஒரு பகுதியாகக் கூறிய கணிதத்தை ஆசாரியர் தனி நூலாகவே விரித்தார்.

அவர் தந்த கணக்கொன்றைக் காண்போம். ஓர் ஒட்டகக் கூட்டத்தில் கால் பங்கு காட்டில் நின்றது. கூட்டத்தின் வர்க்கமூலத்தைப் போல் இருமடங்கு மலைச்சாரலுக்குச் சென்றது. எஞ்சிய 15 ஆற்றங்கரையில் இருந்தன. மொத்தம் எத்தனை?

முதற்படி: ஒன்றிலிருந்து கால் பங்கைக் கழிக்க முக்கால்.
இரண்டாம் படி: மூலத்தின் மடங்காகிய 2இல் பாதி 1, அதை முக்காலால் வகுக்க 4/3. எஞ்சிய 15ஐ முக்காலால் வகுக்க 20.
மூன்றாம் படி: 4/3இன் வர்க்கம் 16/9, அதனுடன் 20ஐக் கூட்ட 196/9, அதன் வர்க்கமூலம் 14/3.
நான்காம் படி: 14/3உடன் 4/3ஐக் கூட்ட 6, அதன் வர்க்கம் 36.

சரிபார்ப்போம்: 9, 12, 15, கூட்டினால் 36. இன்று பள்ளியில் இருபடிச் சமன்பாடு என்று பயிலும் முறையே இது.

வடிவக் கணிதத்திலும் அவ்வாறே. 2, 1 என்னும் இரு எண்களைக் கொள்க. வர்க்கங்களின் வேறுபாடு 3, பெருக்கத்தின் இருமடங்கு 4, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 5. செவ்வகத்தின் இரு பக்கங்களும் மூலைவிட்டமும் கிடைத்துவிட்டன. குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்பதையும் அவர் தெளிவாக உரைத்தார்.

பதினொன்றாம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் தந்தார். ஆயினும் பிற்காலத்தில் இது சுவடிகளுள் மறைந்து கிடந்தது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் முதலில் கிடைத்தவை முழுமையற்ற படிகளே. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காசாரியர் பிற இடங்களிலிருந்தும் படிகளைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னையில் பதிப்பித்தார். அவ்வுழைப்பு இல்லையேல் ஆசாரியரின் கணக்குகள் நம்மை எட்டியிரா.

கோவிலம்பாக்கத்திலும் சுற்றுப்புறங்களிலும் மாலைதோறும் கணிதம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாறு தெரிதல் வேண்டும். விடையை மட்டும் கேளாது, ஒவ்வொரு படிக்கும் காரணம் கேட்டுப் பழக்குவோம். நம் இல்லங்களில் பழஞ்சுவடி ஏதேனும் இருப்பின், செல்லரிக்கும் முன்னர் அறிந்தோரிடம் காட்டிப் படியெடுத்துக் காப்போம். அதுவே ஆசாரியருக்கு நாம் செலுத்தும் வணக்கம்.