பகுதிச் சுழியம்: ஒரு கலைச்சொல்லும் மின்சாரக் காரும்

மின்சாரக் காரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மின்கலத்தின் வழியே எழுதுகின்றனர். ஈய-அமிலம், நிக்கல், லித்தியம் என்று கதை நகரும். ஆணைகளையும் சட்டத் திருத்தங்களையும் காலவரிசையில் வைத்து வாசித்தால் இன்னொரு வரலாறு புலப்படுகிறது: எதை மின்வாகனம் என்று அழைப்பது என்பதில் நடந்த பேரங்களின் வரலாறு. மொழியியல் பயின்ற பழக்கத்தால் என் கண் முதலில் அங்கேதான் செல்கிறது.

1990 செப்டம்பரில் கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம் ஓர் ஆணை பிறப்பித்தது. அம்மாநிலத்தில் மிகுதியாகக் கார் விற்ற ஏழு நிறுவனங்களும், 1998இல் தம் விற்பனையில் 2 விழுக்காடும், 2001இல் 5 விழுக்காடும், 2003இல் 10 விழுக்காடும் 'சுழிய உமிழ்வு வாகனங்களாக' விற்க வேண்டும். ஆணையில் 'மின்சாரம்' கட்டாயமாக்கப்படவில்லை. ஆயினும் அன்றைய நிலையில் அச்சொற்றொடருக்குப் பொருந்தியது மின்சாரக் கார் ஒன்றே. அதே ஆண்டு ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 'இம்பாக்ட்' மாதிரிக் காரை லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் வைத்திருந்தது. இயலும் என்று காட்டியவர்களே, ஆணை வந்தபின் இயலாது என்று வாதாடினர்.

1996இல் வாரியம் பணிந்தது. 2003க்கு முந்தைய இலக்குகள் கைவிடப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த இவி1 காரை விலைக்கு வாங்க இயலாது. குத்தகைக்கு மட்டுமே பெறலாம். உருவானவை 1,117. பின்னர் அவை திரும்பப் பெறப்பட்டு, பெரும்பாலானவை நசுக்கப்பட்டன. இக்கதை பலரும் அறிந்தது.

குறைவாகப் பேசப்படுவது 1998. அவ்வாண்டு வாரியம் 'பகுதிச் சுழிய உமிழ்வு வாகனம்' என்றொரு வகையைப் படைத்தது. மிகத் தூய்மையாக எரியும் பெட்ரோல் கார் ஒன்று, சுழியக் காரின் ஒரு பின்னமாகக் கணக்கில் ஏறியது; 10 விழுக்காட்டில் 6 விழுக்காடு வரை இவ்வாறு நிரப்பலாம். இலக்கணத்தில் சுழி உருபு என்பது வடிவமில்லா உருபு. பாதி வடிவமில்லா உருபை எந்த இலக்கணியும் கண்டதில்லை. நியாயமாகச் சொல்வதானால், அப்பெட்ரோல் கார்களால் காற்று உண்மையிலேயே தூய்மையடைந்தது. ஆனால் சொல்லை நெகிழ்த்தியதற்கு விலையும் இருந்தது. 2001இல் கலப்பினக் கார்களுக்கும் இக்கணக்கில் மதிப்பளிக்கப்பட்டபோது, எரிபொருள் சிக்கனம் அதன் அளவுகோல்களில் ஒன்றாயிற்று. எரிபொருள் சிக்கனத்தை ஒழுங்குபடுத்துவது மத்திய அரசின் அதிகாரம் என்று நிறுவனங்கள் வழக்காடி, 2002இல் இடைக்காலத் தடையும் பெற்றன. அவர்களுக்கென அளித்த சலுகையே அவர்களது வழக்கிற்கு அடிப்படையாயிற்று.

இந்தியாவில் இதே போராட்டம் காரைச் சுற்றி நிகழவில்லை. 2013இல் வெளியான தேசிய மின்போக்குவரத்துத் திட்டம், 2020க்குள் 60 முதல் 70 லட்சம் மின்வாகனங்களும் கலப்பின வாகனங்களும் என்று கனவு கண்டது. அதற்குள் தில்லித் தெருக்களில், எந்த மானியமும் இன்றி, மின்ரிக்‌ஷாக்கள் ஓடத் தொடங்கிவிட்டன. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட மின்கல வண்டி 'மோட்டார் வாகனம்' ஆகாது என்ற விதியின் நிழலில் அவை வாழ்ந்தன. பதிவெண் இல்லை, உரிமம் இல்லை, காப்பீடும் இல்லை. உண்மையில் அவற்றின் மோட்டார்கள் 650 வாட்டைத் தொட்டன, கடந்தன. 2014 ஜூலை 31 அன்று தில்லி உயர்நீதிமன்றம் அவற்றைத் தடைசெய்தது. மிதிரிக்‌ஷாவை விட்டுக் கடன் வாங்கி இதற்கு மாறியிருந்தவர்களின் பிழைப்பு, ஒரு வாட் எண்ணில் தொங்கிக் கிடந்தது.

மீட்சியும் சொல் வழியாகவே வந்தது. 2015இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 'மின்ரிக்‌ஷா' என்ற பெயரைச் சட்டநூலில் ஏற்றி, 4,000 வாட் வரை இடம் கொடுத்தது. நேற்று வாகனமே அல்லாதிருந்தது இன்று வாகனமாயிற்று. இரும்பும் சக்கரமும் மாறவில்லை.

ஆனால் 2019இல் தொடங்கிய ஃபேம் இரண்டாம் கட்ட மானியம் ஈய-அமில மின்கல வண்டிகளை விலக்கியது. ஈயத்தின் நச்சை எண்ணினால் காரணம் வலுவானதே. மெட்ரோ நிலையத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை நான் ஏறிச் செல்லும் வண்டியில், பயணிகளின் இருக்கைக்கு அடியில், இன்றும் நான்கு ஈய-அமில மின்கலங்களே இருக்கின்றன.